அழவில்லை என்று சொன்னேன்

அந்தப் பிள்ளை அழுதது. அழவில்லை என்று நான் சொன்னேன்.

இதுதான் என் குற்றம். சுற்றி வளைத்துப் பேச எனக்கு என்றைக்கும் வராது. நீங்கள் இதற்கு மேல் படிக்காமல் எழுந்து போனாலும் பாதகமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஆனால் போகமாட்டீர்கள்... எனக்குத் தெரியும். அடுத்த வீட்டுக் கதவு ஒருக்களித்துக் கிடந்தால் எட்டிப் பார்க்காதவர் யார்! சரி, உட்காருங்கள். ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் 'பாவம், நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று தலையாட்டக் கூடாது. அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்.

என் பெயர் எஸ்தர். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு வருடங்கள் மருத்துவச்சியாக இருந்தேன். என் அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்துப் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி அறுக்கப் படித்து வந்த முதல் பெண் நான்தான். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கையில் தோல் பெட்டி... திமிருக்கு வேறென்ன வேண்டும்? நான் சொன்னது சொன்னதுதான். மருத்துவச்சியம்மா ஒன்று சொன்னால் அதை மறுத்துப் பேச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். இல்லை, அதுவும் சாக்குத்தான். கெட்டுப்போகிறவள் எதிலும் கெட்டுப்போவாள்.

அது எழுபதுகளின் நடுவில் வந்த பஞ்ச காலம். கூப்பன் கடையில் அரிசி இல்லை, மாவு இல்லை. ஜனங்கள் மரவள்ளியையும் கண்ட கீரையையும் அவித்துத் தின்று, வயிறு ஊதிப்போய்க் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினார்கள். தாய்மாருக்குப் பால் சுரக்கவில்லை. அதில் ஒரே மாதத்தில் என் கையில் பிறந்த மூன்று பிள்ளைகள் மண்ணுக்குப் போயின. தோட்டத்தை நிர்வகித்த துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பிறந்த பிள்ளை இன்னொன்று செத்தால் கண்டியிலிருந்து டாக்டர் விசாரணைக்கு வருவார், அப்போது என் வேலைக்குத் தான் பொறுப்பில்லை என்றார். செத்துப் பிறந்த பிள்ளைக்கு விசாரணை இல்லை. என் பிரசவப் பதிவுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான். இதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

எங்கள் லயங்களில் ஒரு வழக்கம் இருந்தது. அதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பிறந்து ஒரு தடவையாவது அழுத பிள்ளை என்றால் அது ஆள். செத்தால் பெயர் வைத்து அடக்கம் செய்வார்கள். மூன்றாம் நாள் தாய் போய் குழிமேட்டில் பால் தெளிப்பாள். வருடா வருடம் தீபாவளிக்கு முதல் நாள் ஒரு சின்னச் சட்டை வைத்துப் படைப்பார்கள். அழாமலே போன பிள்ளைக்கு இதில் எதுவும் கிடையாது. ஒரு பழந்துணி, ஏதாவது ஒரு தேயிலை மரத்தடி, அவ்வளவுதான். அதற்காக வாய்விட்டு அழுதாலும், 'அழாத புள்ளைக்கு என்னாடி அழுக?' என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போக வேண்டியதுதான்.

இப்போது புரிகிறதா, நான் எதை எடுத்துக்கொண்டேன் என்று?

ஐந்தாம் நம்பர் லயத்தில் பாக்கியம் என்று ஒரு பெண். பத்தொன்பது வயது, தலைச்சன் கர்ப்பம். புருஷன் ஆறுமுகம், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், அதிகம் பேசாத நல்ல மனிதன். ஏழரை மாதத்திலேயே அவளுக்கு மலையில் வலி கண்டுவிட்டது. கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தனியாகவே இறங்கி வந்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி இருக்கும். மழை தகரத்தை உடைத்துக்கொண்டு பெய்தது. லயத்தில் ஒரு ஜனம் இல்லை, எல்லாரும் மலையில். லயத்துக்குக் கீழே பிள்ளைக் காம்பராவில் மட்டும், வேலைக்குப் போன தாய்மார் விட்டுப்போன குழந்தைகள் வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தன.

ஆண் பிள்ளை. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. நீலம் பாரித்திருந்தது. தேய்த்தேன், தட்டினேன், வாயில் விரல்விட்டுத் துடைத்தேன். அசைவில்லை. நஞ்சுக்கொடி விழுந்ததும் பாக்கியத்துக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டுச் சொன்னேன்.

"உசுரு இல்ல புள்ள. மனசத் தேத்திக்க."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிள்ளையைப் பழந்துணியில் சுற்றி வெளியே இஸ்தோப்புக்கு, முன் திண்ணைக்கு, கொண்டுவந்தேன். தாய் பார்க்கக் கூடாது, பார்த்தால் மனது தாங்காது... அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குளிர்ந்த காற்று அதன் முகத்தில் பட்டிருக்கும். அந்தத் துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

அழுதது! பூனைக்குட்டி கத்துவதைவிடச் சின்னச் சத்தம். ஒரு தடவை... கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

"அம்மா!" என்று உள்ளேயிருந்து பாக்கியம் கூப்பிட்டாள். "அம்மா, அழுவுதே! எம்புள்ள அழுவுதே!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஏற்கெனவே நாக்கின் நுனியில் காத்திருந்ததுபோல் வந்துவிட்டது.

"அது புள்ளக் காம்பராச் சத்தம் புள்ள. நீ படு."

ஏன் சொன்னேன்? இந்தக் கேள்வியோடு நான் எத்தனையோ வருடங்கள் குடித்தனம் நடத்தியாயிற்று. இரக்கமா? எப்படியும் பிழைக்காத பிள்ளையைக் காட்டி ஆசையை மூட்டி மறுபடி அணைப்பானேன் என்ற எண்ணமா? துரையின் பேச்சா? அந்தப் புத்தகமா? அல்லது, உயிரில்லை என்று சொன்ன வாயால் உயிர் இருக்கிறது என்று சொல்ல வெட்கமா? ஒரு நாள் ஒன்று சரியென்று படும், மறுநாள் இன்னொன்று. எல்லாமும்தான் இருந்திருக்கும். மனுஷி மனதில் எது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கத் தராசு எங்கே இருக்கிறது?

அந்தப் பிள்ளை ஏறக்குறைய அரை மணி நேரம் உயிரோடு இருந்தது. இஸ்தோப்பில் குந்திக்கொண்டு, என் கம்பளிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி அழவில்லை, மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. கீழே ஃபெக்டரியில் லொறி நின்றது. என்ஜின் ஓடும் சத்தம் மழையிலும் கேட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். பிழைத்திருக்குமா? தெரியாது. பிழைத்திருக்காது என்று ஒரு டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்தாலும், நான் ஓடவில்லை என்பது மாறிவிடுமா?

ஓடாததைக்கூட விடுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம், நான்கு எட்டில், அதன் தாய் படுத்திருந்தாள். அவள் மடியில் கொண்டுபோய் வைத்திருக்கலாம். அந்த அரை மணி நேரம் அவளுடையது. அதை நான் என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

மழை விடும்போது மூச்சு நின்றது. ஆறுமுகம் நனைந்துபோய் ஓடி வந்தான். துணிச் சுருளை அவன் கையில் கொடுத்தேன். பத்தாம் நம்பர் மலையில் ஒரு தேயிலை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான். நான் என் அறைக்குப் போய், 'செத்துப் பிறந்தது' என்று அழகான கையெழுத்தில் ஒரு வரி எழுதினேன். அப்புறம் தேத்தண்ணீர் குடித்தேன். ஆமாம், குடித்தேன். சீனி இல்லை என்று எரிச்சல்பட்டதுகூட நினைவிருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு கொடுமை என்று விட்டிருப்பீர்கள். முடியவில்லை.

பாக்கியம் பிள்ளைக் காம்பரா வாசலில் நிற்க ஆரம்பித்தாள். மலையிலிருந்து இறங்கும்போது, கொழுந்து நிறுக்கப் போகும் வழியில், கூடையோடு அப்படியே நின்றுவிடுவாள். உள்ளே அழும் ஒவ்வொரு பிள்ளையின் சத்தத்தையும் தலையைச் சாய்த்துக் கேட்பாள். பிறகு, 'இது இல்ல' என்பதுபோல் நகர்ந்துவிடுவாள். கங்காணி கத்துவார், பெண்கள் சிரிப்பார்கள். "பாக்கியத்துக்குக் காதுல பேயி குடிவந்திருச்சு" என்று கேலி பேசினார்கள். வழியில் என்னைக் கண்டால் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"அம்மா, நெசமாவே அழுவலயாம்மா? எனக்குக் கேட்டுச்சேம்மா. அழுதிருந்தா நாம் பாலு தெளிக்கணுமே..."

"அழுவல புள்ள. எத்தன தடவ சொல்றது?" என்று எரிந்து விழுவேன். எரிந்து விழுவதற்கு என்ன துணிச்சல் பாருங்கள் எனக்கு!

ஆறுமுகம் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. வேலை விட்டு வருவான், கொடுத்ததைத் தின்பான், இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவான். மழைக்காலக் குளிரிலும் அங்கேதான். ஒரு காம்பராவுக்குள் எட்டு வருடம் இரண்டு பேர் ஊமைகளாக வாழ்ந்தார்கள். பைத்தியக்காரியோடு எப்படிப் படுப்பான் என்று லயம் அவனுக்காகப் பரிந்து பேசியது. உண்மை அதுவல்ல. அது பிற்பாடு தெரிந்தது.

எட்டாவது வருடத்தில் அவளுடைய அண்ணன்மார் ஒரு கோடாங்கியை அழைத்துவந்து பேய் ஓட்டினார்கள். மறுநாள் காயத்துக்கு மருந்து போட நான் போனேன். முதுகெல்லாம் கோடாங்கி வேப்பங்குச்சியால் அடித்த தடிப்பு. குப்புறக் கிடந்தாள். களிம்பு தடவினேன். இந்த அடி என்னுடையது. என் முதுகில் விழ வேண்டியது. அன்றைக்கே அவள் காதில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்லை! அவளை வேறொருவர் கையில் ஒப்படைத்தேன்.

அந்த நாட்களில் எங்கள் டவுன் வேதக்கோயிலுக்கு பிலோமினா என்று ஒரு சிஸ்டர் வந்திருந்தார். மன்னார்ப் பக்கம். வெளிநாட்டில் படித்தவர். கோயிலுக்குப் பின்னால் உடைந்த சுரூபங்களும் பழைய பெஞ்சுகளும் போட்டுவைத்திருந்த அறையைக் காலிசெய்து, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஞாயிறு பிற்பகல்களில் உட்கார்ந்திருப்பார். துக்கமோ, வீட்டில் மனஸ்தாபமோ, யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். சைவக்காரர், வேதக்காரர் என்ற வித்தியாசம் கிடையாது. இப்போது உளவளத்துணை என்று அழகாகச் சொல்கிறார்கள். எங்கள் ஜனங்கள் அதற்குப் பேச்சுக் காம்பரா என்று பெயர் வைத்தார்கள். "வாய் வலிக்கப் பேசினா வயிறு நெறஞ்சிருமா?" என்று சிரித்தவர்களே, இரண்டாம் மாதம் வாசலில் வரிசையாக நின்றார்கள்.

பெண்கள் சிஸ்டரிடம் கூச்சப்படுவார்கள் என்பதால், அவர்களை அறிந்தவள் என்று என்னைத் துணைக்கு வரச்சொன்னார். சுவரோரமாக எனக்கு மூன்றாவது நாற்காலி. அங்கே உட்கார்ந்து நான் கண்டதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் மந்திரம் போடவில்லை, புத்தி சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வாழ்க்கையில் யாரும் யாரையும் அப்படி முழுசாகக் கேட்டதில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளைகளை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாய் நின்றவள், மாமியாரோடு பத்து வருடம் முகம் பாராதவள்... வந்தவர்கள் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து போனார்கள்.

அந்த அறைக்குப் பாக்கியத்தை நான்தான் கூட்டிப்போனேன்.

முதல் மூன்று ஞாயிறு அவள் வாயே திறக்கவில்லை. சிஸ்டரும் சும்மாவே உட்கார்ந்திருந்தார். நான்காவது ஞாயிறு அந்தப் பிற்பகலை ஒன்றுவிடாமல் சொன்னாள். தகரத்தில் விழுந்த மழையை, சுவரிலிருந்த புகைக்கறையை, நான் என்ன நிறத்தில் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன் என்பதை, இரண்டு சத்தத்தை. இரண்டு என்று சரியாகச் சொன்னாள்! முதலாவது சின்னது, இரண்டாவது கொஞ்சம் இழுத்தது என்றாள். அது அப்படித்தான் இருந்தது.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "எஸ்தர், நீங்கள்தானே பிரசவம் பார்த்தது? அந்தப் பிள்ளை அழுததா?"

எவ்வளவு நேரான கேள்வி! எட்டு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. பாக்கியம் கேட்டதெல்லாம் கெஞ்சல், இது கேள்வி. கதவு திறந்து கிடந்தது. ஒரே சொல்தான் பாக்கி.

"இல்ல சிஸ்டர். அழுவல."

சிஸ்டர் என்னை நம்பினார். ஏன் நம்பமாட்டார்? பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உங்களுக்குப் பேயுமில்லை, பைத்தியமுமில்லை. பிள்ளையைத் தூக்கக் கிடைக்காத தாய்மாருக்கு இப்படிக் கேட்கும். உங்கட மனசு உங்கட பிள்ளையைத் தேடியிருக்குது. அதுதான் அந்தச் சத்தம்."

எத்தனை தாய்மாருக்கு அது உண்மையோ! இவளுக்கு மட்டும் பொய். அந்தப் பொய்யைச் சிஸ்டரின் வாயில் வைத்தது நான்.

பாக்கியம் ஓலமிட்டு அழுதாள். எட்டு வருடமாக யாரும் அழவிடாத அழுகை. சிஸ்டர் நிறுத்தச் சொல்லவில்லை. அழாத பிள்ளைக்கும் அழலாம் என்று அவளுக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, "லேசா இருக்கும்மா" என்றாள் என்னிடம். பிள்ளைக் காம்பரா வாசலில் நிற்பது குறைந்து, இரண்டு மாதத்தில் நின்றேபோயிற்று.

ஆறுமுகத்தை வரவழைக்க இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தான். சிஸ்டர் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? துண்டை இன்னொரு முறுக்கு முறுக்கினான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"துணி சூடா இருந்துச்சுங்க."

நான் நாற்காலியைச் சுவரோடு ஒட்டித் தள்ளிக்கொண்டேன்.

"மழையில நனஞ்சுகிட்டு வந்தேன், கையெல்லாம் வெறச்சுப் போயிருந்துச்சு. அந்தத் துணி மட்டும் சூடா இருந்துச்சு. குழிக்குள்ள வைக்கிற வரைக்கும் சூடு போவல. அம்மா உசுரு இல்லன்னாங்க... அவ அழுவுச்சுங்கிறா... அப்ப நான் உசுரோடவாங்க பொதச்சேன்? அவ மொகத்தப் பாத்தா அதுதாங்க தோணுது. எப்புடிங்க பேசுவேன்?"

இதுதான் அந்த எட்டு வருட ஊமைத்தனம். தன் பிள்ளையைத் தானே உயிரோடு புதைத்துவிட்டோமோ என்று அந்த மனிதன் இஸ்தோப்புக் குளிரில் கிடந்திருக்கிறான். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடமே அவனை விடுவிக்கலாம். 'என் மடியில்தான் செத்தது, ஆறுமுகம். நீ புதைக்கும்போது உயிர் இல்லை. அந்தச் சூடு என் உடம்புச் சூடு.' என் வாய் ஒருதரம் திறந்ததாகக்கூட நினைவு... ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டுமே!

சிஸ்டர் மறுபடி என்னைப் பார்த்தார். மருத்துவச்சி அல்லவா நான்! எல்லாம் தெரிந்தவள்!

"தாய் வயித்துச் சூடு ஆறுமுகம்," என்றேன். "செத்துப் பொறந்தாலும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும். நீ ஒரு பாவமும் செய்யல."

அவன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். பாக்கியம் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முழங்கை மேல் கையை வைத்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் தொட்டதை நான் பார்த்தேன். சிஸ்டரின் கண்ணிலும் நீர்.

சொல்லுங்கள். நான் செய்தது நல்லதா, கெட்டதா? அன்றிரவிலிருந்து அவன் உள்ளே படுத்தான். அந்த வருடத்துத் தீபாவளிக்கு அவளுக்குச் சிவப்புச் சேலை எடுத்துக் கொடுத்தான். பேச்சுக் காம்பரா ஒரு குடும்பத்தை நிமிர்த்தியது, அது சத்தியம். ஆனால் அடியில் கல்லுக்குப் பதிலாக என் பொய்யை வைத்து நிமிர்த்தியது. இழுத்து எடுத்தால் வீடே சரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுக்காமல் இருக்க எனக்கு அதைவிட நல்ல காரணம் கிடைத்திருக்காது.

அடுத்த வருடம் பாக்கியம் மறுபடி உண்டானாள். பிரசவத்துக்கு என்னைத்தான் கேட்டாள். அதே காம்பரா, அதே சுவர். நிறைமாதம், பெண் பிள்ளை. வெளியே வந்ததும் வராததுமாக லயம் அதிரக் கத்தியது. சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினேன். பாக்கியம் பிள்ளையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா... இது நெசமாவே அழுவுதாம்மா?"

கேட்டீர்களா? கண்முன்னே கத்துகிற பிள்ளையின் சத்தத்தை நம்ப என்னிடம் அனுமதி கேட்டாள்! தன் காதைத் தானே நம்பாத பெண்ணாக அவளை ஆக்கியது யார்? பேயா? கோடாங்கியா?

"நெசம்தான் புள்ள," என்றேன். அதன் பிறகுதான் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அதே வருடம் தமிழர்மேல் பாய்ந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மலையில் மனம் தங்கவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் கப்பலேறக் கிளம்பினார்கள். பிலோமினா சிஸ்டரும் மன்னாருக்குத் திரும்பினார். போவதற்கு முந்திய ஞாயிறு, எல்லாரும் போன பிறகு, தன் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"எஸ்தர், இவ்வளவு நாளும் நீங்கள் இந்தக் கதிரையில் ஒருநாளும் இருக்கவில்லையே. இன்றைக்கு இருங்கோவன்."

தெரிந்துதான் கேட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊராரை எல்லாம் அந்த நாற்காலிக்குக் கூட்டிவந்தவள் நான். அது என்ன செய்யும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கால் ஓரடி அதன் பக்கம் போகவும் போயிற்று...

"எனக்கு என்னா சிஸ்டர் துக்கம்? புருஷனா, புள்ளயா?" என்று சிரித்தேன். தேத்தண்ணீர் ஊற்றி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். திரும்பி வரும்போது அவர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

மாசி மாதம் பாக்கியம் குடும்பமும் கிளம்பியது. தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி ஏறுவதற்கு முதல் நாள் காலை என்னைத் தேடி வந்தார்கள். பத்தாம் நம்பர் மலைக்கு ஒருதரம் போய்வரலாம், நீங்களும் வாங்கம்மா என்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். ஆறுமுகம் ஒரு மரத்தடியில் நின்றான். மற்ற மரங்களைப் போலத்தான் இருந்தது. கவ்வாத்துக் காலத்தில் அந்த ஒரு மரத்தில் மட்டும் வேறு ஆள் கத்தி படவிடாமல் தானே வெட்டுவானாம். இப்போதுதான் அவளுக்கும் முதன்முதலாகக் காட்டுகிறானாம்.

நாட்டைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் இறந்தவர்களின் குழிமேட்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து முடிந்துகொண்டு போவார்கள். பாக்கியத்தின் முந்தானையில் அவள் அப்பாவின் மண் ஏற்கெனவே ஒரு முடிச்சாக இருந்தது. மரத்தடியில் குந்தினாள். தரையில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அழுத புள்ளையா இருந்தா ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன்மா. அழாத புள்ளைக்கு எடுக்கக் கூடாதுங்கிறாங்க. இப்புடியே விட்டுட்டுப் போறது பாவமில்லல்லம்மா?"

இடுப்பிலிருந்த சின்னது என் குடையைப் பிடித்து இழுத்தது. ஆறுமுகம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவமில்ல புள்ள," என்றேன். "அழுவல. நீ நிம்மதியாப் போ."

கையைச் சேலையில் தட்டிவிட்டு எழுந்தாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்! "நீங்க மட்டும் இல்லாட்டி நாங்க இல்லம்மா" என்றாள். பாதையில் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன். கூப்பிடத்தான் நின்றேன். கூப்பிடவில்லை.

அவர்கள் போன மூன்றாம் நாள் ஒரு போத்தலில் பாலோடு அந்த மலைக்குப் போனேன். வேதக்காரிக்கு அந்தச் சடங்கில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மரத்தைக் கண்டுபிடித்தேன், மூடியைத் திறந்தேன். அப்புறம் கை ஓடவில்லை. பால் தெளிக்க வேண்டியவள் தாய். அவளிடமிருந்து அரை மணி நேரத்தை எடுத்தது போதாதென்று இதையும் எடுக்கவா? போத்தலை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீலகிரிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அவள் மகள் கையெழுத்தில் கொஞ்ச காலம் கடிதம் வந்தது. எல்லாரும் சுகம், ஆறுமுகத்துக்கு மூட்டுவலி, மருத்துவச்சியம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பதில் எழுத உட்காரும் ஒவ்வொரு தடவையும் முதல் வரியாக அதைத்தான் எழுதுவேன். பிறகு கிழித்துவிட்டு, மழை அதிகம் என்று எழுதி அனுப்புவேன்.

இரண்டு தடவை அழுதது. முதலாவது சின்னது, இரண்டாவது கொஞ்சம் இழுத்தது. அதைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி தன் காதை நம்பாமல் கடல் தாண்டிப் போய்விட்டாள். மற்றவள் நான். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்... அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.